இடப்பக்கத்துக் கித்தார்

ஜூன் 28, ஞாயிறு

பெக்வித் போய்விட்டார். பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சீலன் போன் செய்தான். "ஏல அலோசி, ஒன் ஆளு போயிட்டாம்ல" என்றான். யார் என்று கேட்கவே தோன்றவில்லை. முப்பது வருசமாக ஹார்லன் பெக்வித் என் ஆள், நீல் ஓஸ்லர் அவன் ஆள். ஊரில் சில பேருக்குக் கட்சித் தலைவர்கள் இருப்பதைப் போல எங்களுக்கு இரண்டு கித்தார்காரர்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தது ஒரே ஒரு இசைத்தட்டு, 'லோ டைட் எக்ஸ்பிரஸ்'. அதில் பாடகர் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு எலெக்ட்ரிக் கித்தார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். இடப்பக்கத்து ஸ்பீக்கரில் பெக்வித், வலப்பக்கத்தில் ஓஸ்லர். கப்பலில் எஞ்சினியராக இருந்த சீலன் ராட்டர்டாமில் இருந்து அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தான். எனக்கு அப்போது இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அன்றைக்குக் கேட்டதில் ஆரம்பித்த சண்டை. அவனுக்கு ஓஸ்லரின் வேகம். எனக்கு பெக்வித்தின் தாமதம். வரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருவார் மனுசன். வந்தபிறகு, அதுதான் சரியான நேரம் என்று தோன்றிவிடும்.

ஒரு வாரமாகச் சளி. கடலில் முங்கி எழுந்தாற்போல இடது காது அடைத்துக் கிடக்கிறது. ஆவி பிடித்தேன்.

"அழுதீயளா?" என்று ஜெசிந்தா கேட்டாள். சளி என்றேன்.

ஜூன் 30, செவ்வாய்

எங்கள் கித்தார் கூட்டத்தில் ஐந்து பேர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சாயங்காலம், சீலன் வீட்டு மாடியில் ஒரு முழுத் தட்டு. முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் படிக்கட்டுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். கணக்கு வாத்தியார் ஹமீது ஒருமுறை தும்மலை அடக்கி மூக்கில் ரத்தமே வந்துவிட்டது.

ஜூலை 19 பெக்வித்துக்கு அஞ்சலிக் கூட்டம். நான்தான் பேச வேண்டுமாம். பின்னே வேறு யார் பேசுவது! 'லோ டைட்' இப்போது பழைய டேப் ரோல்களில் இருந்து தூசு தட்டிப் புதிய பதிப்பாக வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சீலன் மகள் அங்கிருந்து குறுந்தகடு அனுப்புகிறாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்று நானே நிபந்தனை போட்டேன்.

காதைக் காட்டுங்கள் என்கிறாள் ஜெசிந்தா. சளிக்கெல்லாம் டாக்டரா?

ஜூலை 4, சனி

குறுந்தகடு வந்துவிட்டது. மார்க்கெட்டில் சீலா மீன் நல்ல பருமன். ஆபீசில் ஒரு சரக்குக் கப்பலின் காகிதங்கள் இன்னும் வரவில்லை என்று மூன்று பேர் என்னிடம் கத்தினார்கள். நாளைக்குக் கேட்கிறேன்.

ஜூலை 5, ஞாயிறு

ஒன்றும் புரியவில்லை.

ஜெசிந்தாவுக்கு இந்த இரும்புச் சத்தம் ஆகாது என்பதால் வீட்டில் எனக்கு எப்போதும் ஹெட்போன்தான். எல் என்று போட்டது இடது காதுக்கு, ஆர் என்று போட்டது வலது காதுக்கு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. மாற்றி மாட்டிக்கொண்டு கேட்கிறவன் வீட்டில் நான் காப்பிகூடக் குடிக்க மாட்டேன். பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, போட்டேன்.

ஓஸ்லர் ஆரம்பித்தார். தனியாக ஒரு சுற்று, வழக்கம்போல. இரண்டாவது சுற்றில் பெக்வித் உள்ளே வர வேண்டும். வரவில்லை. பிந்தித்தானே வருவார் என்று காத்திருந்தேன். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது 'சிக்னல் மேன்'. அதில் பெக்வித் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தந்தியை வளைத்துப் பிடித்து விடாமல் நிற்பார். அது மெல்ல மெல்ல ஊளையாக மாறும், ஓஸ்லர் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டவன் நான். இன்றைக்கு அந்த இடத்தில் ஓஸ்லர் ஒன்றுமில்லாததைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்.

இடப்பக்கத்தில் இருந்தது வெறும் இரைச்சல். டேப்பின் இரைச்சல். தூசு தட்டினார்களாம், தூசு! கித்தாரைக் கழுவி ஊற்றிவிட்டு இரைச்சலை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 6, திங்கள்

ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகும் அந்த இரைச்சல் கேட்கிறது. ஃபிரிட்ஜாக இருக்கும்.

ஜூலை 7, செவ்வாய்

ஹெட்போனைக் கடையில் காட்டினேன். கடைக்காரர் தன் காதில் வைத்துப் பார்த்து, "ரெண்டு பக்கமும் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். அவரை நம்புவதற்கில்லை. புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் பெக்வித் இல்லை.

என்னதான் பிடிவாதக்காரன் என்றாலும் நான் நியாயமாக யோசிக்கிறவன். அடைத்த காதுதான் காரணமோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அதனால் பெக்வித் பிற்காலத்தில் தனியாக வாசித்த தட்டு ஒன்றைப் போட்டேன். வயதான பிறகு வாசித்தது. கை கொஞ்சம் தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தையும் மறைக்காமல் அப்படியே விட்டிருப்பார். தந்தியில் விரல் உரசுகிற சத்தம் வரைக்கும் கேட்டது. மனுசன் எதிரே உட்கார்ந்து மூச்சு விடுவதைப் போல இருந்தது. அதில் அவர் இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை, நட்டநடுவில் இருக்கிறார். காது கெட்டிருந்தால் இது எப்படிக் கேட்கும்? ஆக, கோளாறு காதில் இல்லை. ஹெட்போனிலும் இல்லை. கோளாறு அந்தக் குறுந்தகட்டில்.

இப்போது எல்லாம் விளங்குகிறது. அந்தத் தட்டுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். உரிமை ஓஸ்லர் கையில். பெக்வித் படுத்த படுக்கையானதும், இனிமேல் கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் அவரை அழித்துவிட்டார்கள்.

சாப்பிடும்போது ஜெசிந்தாவிடம் சொன்னேன். என் இடப்பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

ஜூலை 9, வியாழன்

மார்க்கெட்டுக்குப் போய் வந்தோம். ஒரு விஷயம் எழுத வேண்டும். எங்கள் கல்யாணம் ஆன நாளில் இருந்து ஜெசிந்தா ஸ்கூட்டரில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, என் இடது தோளுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு, வீட்டு வாசல் வரும்வரை பேசிக்கொண்டே வருவாள். அவள் தங்கச்சி வீட்டுச் சண்டை, தக்காளி விலை, சாமியாரின் பிரசங்கம், எதுவும் பாக்கி இருக்காது. வாய் வலிக்காதா என்று நானே கேட்டிருக்கிறேன்.

சமீபத்தில் அடங்கிவிட்டாள். இன்றைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை இல்லை. நிம்மதியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். இறங்கியதும் முகத்தைப் பார்த்தால் ஒரு முழம் நீண்டிருக்கிறது.

"என்ன?" என்றேன்.

"செவுத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்றாள்.

"என்ன சொல்லுத?"

"ஒண்ணுமில்ல. வண்டிய உள்ள விடுங்க."

ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இப்படியெல்லாம் கோபம் வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன்.

ஜூலை 11, சனி

துறைமுகச் சாலையைக் கடக்கும்போது ஒரு கண்டெய்னர் லாரி. வாட்ச்மேன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை. "ஹாரன் அடிக்கான், அடிக்கான், நீங்க பாட்டுக்கு நடக்கீயளே சார்!" என்றார். ஹாரன் எனக்கும் கேட்டது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. லாரி வந்தது இடப்பக்கத்தில் இருந்து.

இப்போதெல்லாம் எல்லாச் சத்தமும் வலப்பக்கத்தில் இருந்தே வருகிறது. புதிதாகக் கட்டின மதில்சுவரில் பட்டு எதிரொலிக்கிறது போல.

ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

சீலன் வீட்டுக்குப் போனேன். குறுந்தகட்டின் மோசடியை நிரூபிக்கப் பழைய தட்டையே போட்டுப் பார்ப்போம் என்றேன். அவன் மாடியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், நடுவில் இரண்டு நாற்காலிகள். நான் இடது, அவன் வலது. அதுவும் முப்பது வருச ஏற்பாடு.

ஊசியை வைத்தான். ஓஸ்லர் வந்தார். இரண்டாவது சுற்றில் பெக்வித்தும் வந்தார்! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. கண்ணீரே வந்தது. பிறகுதான் கவனித்தேன். பெக்வித் வலப்பக்கத்தில் இருந்தார். ஓஸ்லரும் வலப்பக்கத்தில். இரண்டு பேரும் ஒரே ஸ்பீக்கருக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்து ஸ்பீக்கரில் ஈ ஆடவில்லை.

சட்டத்தை மீறிப் பாட்டுக்கு நடுவிலேயே வாய் திறந்தேன். "ஏல, ஒயர மாத்திக் குடுத்திருக்க."

சீலன் எழுந்து போய்ப் பின்னால் பார்த்தான். "எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. பெக்வித்து அங்கதான இருக்கான், ஒன் பக்கத்துல. கையால தொட்டுப் பாரு, அட்ட அதிருது."

தொட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர் அதிர்ந்தது. அதிர்கிற ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. இது என்ன கண்கட்டு வித்தை என்று எனக்குத் தலை சுற்றியது.

"அலோசி" என்றான் சீலன். குரலை இறக்கிப் பேசினான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "ஒனக்குக் காதுல என்னமோ கோளாறுல."

"யார் காதுல? நீ எஞ்சின் ரூமுக்குள்ள இருவது வருசம் கெடந்த பய. ஒன் காது செவிடு. ஓஸ்லர் வாசிக்கத வாசிப்புன்னு சொல்லும்போதே எனக்குத் தெரியும்!"

"கோட்டிக்காரப் பயலே, நான் சொல்லுததக் கேளு…"

கேட்கவில்லை. படி இறங்கி வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டானாம். எனக்குத் தெரியாது.

ஜூலை 14, செவ்வாய்

ஜெசிந்தா காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாளாம், என்னைக் கேட்காமலே. பத்தொன்பது கழியட்டும் என்றேன். காதுக்கும் பத்தொன்பதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியவில்லை.

சீலன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ஜூலை 15, புதன்

காதில் வெதுவெதுப்பாகத் தேங்காய் எண்ணெய் விட்டேன். இரைச்சல் இப்போது ஒரு ஸ்வரமாகிவிட்டது. விடாமல் நிற்கிறது.

ஜூலை 17, வெள்ளி

பேச்சை எழுதி முடித்தேன். கொஞ்சம் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

வார்த்தை இல்லாத பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வார்த்தை இருந்தால் யாரோ ஒருவருடைய துக்கத்தைக் கேட்கிறோம். வார்த்தை இல்லாவிட்டால் நம்முடையதைத்தான் கேட்க வேண்டும், தப்பிக்க வழியில்லை. கித்தார்காரர்களில் ரொம்பப் பேர் விரலைக் காட்டுவார்கள். பெக்வித் விரலைக் காட்டியதில்லை. ஒரு ஸ்வரத்தை எடுத்தால் அது சாகும்வரை பக்கத்திலேயே இருப்பார். ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நாம் கட்டிலோரமாக உட்கார்ந்திருப்போமே, அதைப் போல.

இதற்குப் பிறகு மோசடிப் பகுதி வருகிறது. அதில் சீலன் பெயரைச் சொல்லாமல் "நம்மிடையே சிலர்" என்று போட்டிருக்கிறேன்.

ஜூலை 19, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

ஐந்து பேரும் வந்திருந்தோம். ஜெசிந்தாவும் வந்தாள். இத்தனை வருசத்தில் ஒருநாளும் வராதவள். "நீங்க பேசுகத நான் கேக்கக் கூடாதா?" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பேசினேன். நன்றாகவே பேசினேன். கட்டிலோரம் என்று சொன்ன இடத்தில் ஹமீது கண்ணைத் துடைத்தார். பிறகு குறுந்தகட்டை உயர்த்திக் காட்டி, இது பிணத்தைக் கொன்ற வேலை என்றேன். இதில் பெக்வித் இல்லை, ஒரு ஸ்வரம்கூட இல்லை, சந்தேகம் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம் என்று என் புது ஹெட்போனை நீட்டினேன்.

'சிக்னல் மேன்' ஓடியது. ஹெட்போன் கை மாறிப் போயிற்று. முதலில் ஹமீது. கேட்டார், என்னைப் பார்த்தார், ஹெட்போனைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். அவரும் கேட்டார். தரையைப் பார்த்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தின் சட்டப்படி அமைதியாக இருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

"சொல்லுங்க வே. இருக்கானா, இல்லியா?" என்றேன்.

ஹமீது, "இருக்காருல்லா அலோசி" என்றார், என்னமோ அவர் தப்பு செய்ததைப் போல.

நான் கத்தினேன். எல்லோரும் சேர்ந்து என்னைக் கோட்டிக்காரன் ஆக்கப் பார்க்கிறீர்கள் என்றேன். ஹெட்போனைப் பிடுங்கி மாட்டினேன். எல் இடது, ஆர் வலது. ஓஸ்லர் ஒன்றுமில்லாததைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்.

சீலன் நாற்காலியில் இருந்து எழுந்து வந்தான். எனக்கு எதிரே குந்தினான். ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, "அலோசி, திருப்பி மாட்டு" என்றான்.

"மாட்ட மாட்டேன்."

"ஒருக்கா மாட்டுல."

"நான் அப்பிடிக் கேக்கமாட்டேன்னு ஒனக்குத் தெரியும்லா. சவத்த விடு."

அவன் கேட்கவில்லை. என் தலையில் இருந்து அதைக் கழற்றி, திருப்பி, அவன் கையாலேயே மாட்டிவிட்டான். கழுத்துக்குப் பின்னால் வயர் போயிற்று.

பெக்வித் வந்தார்.

வலது காதில், பளிச்சென்று, அந்த வளைத்த தந்தி, அந்த ஒற்றை ஸ்வரம், ஊளையாகப் போகிறது. அப்படியேதான் இருந்தார் மனுசன், எங்கேயும் போகவில்லை. இந்தத் தடவை ஓஸ்லரைக் காணவில்லை. ஓஸ்லர் ஓட வேண்டிய இடத்தில், என் இடது காதில், அந்த இரைச்சல்.

யாருமே யாரையும் அழிக்கவில்லை.

நான் சிரித்தேன் என்று ஹமீது சொல்கிறார். எனக்கு நினைவில்லை. ஜெசிந்தாவைத் தேடினேன், அது நினைவிருக்கிறது. அவள் என் இடப்பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் வலப்பக்கமே தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20, திங்கள்

டாக்டர் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். இடது காதுக்கு வைத்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூக்கவில்லை. அவளுக்காகவாவது ஒரு தடவை தூக்கிவிடலாமா என்று நினைத்தேன்.

"இது அடைப்பு இல்ல சார், நரம்பு" என்றார் டாக்டரம்மா. "எப்பயில இருந்து?"

"சளி பிடிச்சப்ப."

"உடனே வந்திருக்கணும். முதல் ரெண்டு வாரம்தான் முக்கியம்."

ஜெசிந்தா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாத்திரை. காதுக்குள் ஊசி. வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை என்றார். "பாட்டு கேக்குற பழக்கம் உண்டா?" என்றும் கேட்டார். எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கொஞ்சம்" என்றேன்.

ஜூலை 23, வியாழன்

காதுக்குள் ஊசி போட்டால் உலகமே ஒரு பக்கம் சாய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஆளில்லாத நேரத்தில், திருடனைப் போல, ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டு பெக்வித்தைக் கேட்டேன். பிறகு நேராக மாட்டி ஓஸ்லரை. பிறகு திரும்பவும் பெக்வித்தை. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடிகிறது.

ஜூலை 26, ஞாயிறு

மாதா கோயிலில் கொடியேற்றம். அவ்வளவு சனம், அவ்வளவு வேட்டு, எல்லாம் ஒரே பக்கம். என் இன்னொரு பக்கத்தில் ஊரே காலியாகக் கிடந்தது. யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். ஓஸ்லரைத் தனியாக இத்தனை தடவை நான் கேட்டதே இல்லை. வேகம், வேகம் என்று முப்பது வருசம் அந்த மனுசனைத் திட்டினேன். தனியாகக் கேட்டால் பாதி நேரம் அவர் வாசிப்பதே இல்லை. ஒரு ஓட்டம் ஓடுகிறார், நின்றுவிடுகிறார். அந்த நின்ற இடத்தில்தான் பெக்வித் பிந்தி வந்து உட்காருவார். பெக்வித்தின் தாமதம் என்று நான் கொண்டாடியதெல்லாம் ஓஸ்லர் நகர்ந்து கொடுத்த இடம்.

இதைச் சீலனிடம் சொல்ல முடியாது. சொன்னால் ஆயுசுக்கும் அதையே பிடித்துக்கொள்வான்.

ஜூலை 30, வியாழன்

சீலன் வந்தான். அன்றைக்குப் பிறகு இப்போதுதான். வந்தவன் "எப்பிடி இருக்க"வும் இல்லை, ஒன்றும் இல்லை. சட்டைப்பையில் இருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தான். என் வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் அவன் எப்போதும் உட்காரும் பக்கம்தான், இருந்தாலும் இன்றைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே உட்கார்ந்தான்.

"என்னது?"

"மோனோ. ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துட்டேன். எந்தப் பக்கம் மாட்டினாலும் ரெண்டு பேரும் வருவானுவ."

"மோனோவா? ரேசன் கட மைக்குக்குப் போடுகதா?"

"ஆமா, ரேசன் கட மைக்குதான். போடுல மூதி."

எல் இடது, ஆர் வலது என்று மாட்டினேன். அவன் பார்த்துச் சிரித்தான். இன்னொரு ஹெட்போனை அவன் மாட்டிக்கொண்டான்.

முதலில் சகிக்கவில்லை. ஒரே நாற்காலியில் இரண்டு தடியர்கள் உட்கார்ந்ததைப் போல இருந்தது. யார் கை, யார் கால் என்று தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் கொஞ்சம் பழகியது. ஓஸ்லர் நகர்ந்தார், பெக்வித் உட்கார்ந்தார். 'சிக்னல் மேன்' வந்தது. அந்த ஸ்வரம் எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சளி இல்லை இப்போது, அழுதேன்.

ஊளை அடங்குகிற இடத்தில் ஒரு சின்ன இழைப்பு உண்டு, இறங்கி வருவது. "இது பெக்வித்து" என்றேன்.

"ஓஸ்லரு" என்றான் சீலன்.

"ஏல, எனக்குத் தெரியாதா?"

"ஒனக்கு எப்பிடில தெரியும்? எனக்கே தெரியல." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஹெட்போனைக் கழற்றினான். இரண்டு நல்ல காதுகளை வைத்துக்கொண்டு, யார் வாசிக்கிறார் என்று தெரியாமல் என்னைப் பார்த்து முழித்தான். நானும் முழித்தேன். பழைய தட்டைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. ஜெசிந்தா காப்பி கொண்டுவந்தபோது, ரெண்டு கெழடும் எதுக்குச் சிரிக்கீய என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 5, புதன்

மாதா திருவிழா. காலையில் பூசைக்கு முன்னால் டாக்டரம்மாவிடம் போனோம். மறுபடியும் அந்த அறை, மறுபடியும் கை. வலது காது முழுசாக இருக்கிறது. இடது காதில் ஒன்றும் வரவில்லை, இனிமேல் வரும் என்று நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். பக்குவமாகத்தான் சொன்னார். சொல்லும்போது என் வலப்பக்கம் வந்து நின்றுகொண்டார்.

துக்கப்பட வேண்டுமா, இந்த மட்டும் தப்பித்தோம் என்று இருக்க வேண்டுமா, தெரியவில்லை. இரைச்சல் மட்டும் இருக்கும் என்கிறார். அந்த ஒற்றை ஸ்வரம், விடாமல்.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். ஜெசிந்தா புதுச் சேலையில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். கோயில் வளைவு வரை போனோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் அடங்கிப்போய்விட்டாள் என்று எழுதி வைத்திருக்கிறேனே. ஓரமாக நிறுத்தினேன்.

"அன்னைக்கு மார்க்கெட்டுக்குப் போனோம்லா. நீ ஏதாவது சொல்லிக்கிட்டு வந்தியா?"

அவள் பேசாமல் இருந்தாள். அல்லது பேசினாளோ என்னவோ. நான் திரும்பி அவள் வாயைப் பார்த்தேன்.

"போகும்போதும் சொன்னேன், வரும்போதும் சொன்னேன்" என்றாள்.

"என்ன சொன்ன?"

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கீய. பக்கத்துல உக்காந்து பேசினா மூஞ்சியப் பாக்க மாட்டேங்கீய. என்மேல என்ன வெறுப்புன்னு கேட்டேன். வெறுப்பு இல்லன்னா ஒங்களுக்கு என்னமோ ஆகுது, எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். நீங்க சீட்டியடிச்சிக்கிட்டே வண்டி ஓட்டினீய."

ரோட்டில் திருவிழாச் சனம் போய்க்கொண்டிருந்தது. பலூன்காரன் ஒருவன் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான்.

"எல்லாத்தையும் திரும்பச் சொல்லு" என்றேன்.

"எல்லாத்தையுமா? அது கெடக்கு ஒரு மாசத்துப் பேச்சு."

"மொதல்ல இருந்து சொல்லு."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என் முதுகைச் சுற்றிக் கையைப் போட்டு, எட்டி, வலது தோளுக்கு மேலே முகத்தைக் கொண்டுவந்தாள். ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு அது லேசான காரியம் இல்லை, முழு உடம்பையும் திருப்ப வேண்டும். புதுச் சேலை கசங்கிற்று.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

தங்கச்சி வீட்டுச் சண்டையில் இருந்து ஆரம்பித்தாள். நான் கோயிலுக்குத் திரும்பாமல் கடற்கரைச் சாலைப் பக்கமாக வண்டியை விட்டேன்.